வேறென்ன சாப்பிடுகிறீர்கள்?

மருந்து ஒன்றுமில்லை

கொள்ளேகாலத்திலிருந்து வந்திருந்தவரின் பையைக் கவிழ்த்தேன். மேஜை விளிம்புவரை உருண்டுபோன டப்பா ஒன்றை அவரே எட்டிப் பிடித்தார். பூண்டு மாத்திரை, மஞ்சள் மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, பெயர் படிக்க வராத ஏதோ ஓர் இலையின் சாறு. பல் பிடுங்கிய இடத்தில் பஞ்சைக் கடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாக ரத்தம் நிற்கவில்லை என்று பல் டாக்டர் எங்களிடம் அனுப்பியிருந்தார். ‘நீங்கள் கொடுத்ததைத் தவிர மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை’ என்று இவர் ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் சொல்லியிருந்தார். இல்லை என்று சொன்னவரின் பையைக் கவிழ்த்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் பாதி வேலை.

நான் மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் இருதயப் பிரிவில் நர்ஸ். ஆண் நர்ஸை இங்கே ‘பிரதர்’ என்று கூப்பிடுவார்கள். என்னைவிட முப்பது வயது பெரியவர்களுக்கும் நான் பிரதர்தான். வீட்டில் தமிழ் பேசுகிறவன் என்பதால் ஹனூர், கௌதள்ளி, கொள்ளேகாலம் பக்கத்துத் தமிழர்களை என் மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். டாக்டரைப் பார்ப்பதற்கு முன் அவர்களுக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் கடைசிக் கட்டம், ‘வேறென்ன சாப்பிடுகிறீர்கள்?’ வைட்டமின், நாட்டு மருந்து, கஷாயம், பொடி எல்லாம் அதில் வர வேண்டும். பதினெட்டு வருடமாக அந்தக் கட்டத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் என் தொழில்காரர்கள் இருந்தால் உங்கள் கையும் அந்த வார்த்தையை உங்களைக் கேட்காமலே எழுதும்.

கொள்ளேகாலத்துக்காரருக்கு இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ரத்தம் கட்டாமலிருக்க நாங்கள் இரண்டு மாத்திரை கொடுத்திருந்தோம். அந்தப் பையில் இருந்தவற்றில் மூன்று அதே வேலையைத் தங்கள் பங்குக்குச் செய்பவை. ஐந்து பேர் சேர்ந்து ஒரு கதவைத் திறந்துவிட்டு, மூட ஆளில்லாமல் போனதுபோல. “இதெல்லாம் என்னங்க?” என்று கேட்டேன். பஞ்சை எடுக்காமலே சொன்னார்: “இது மருந்தில்லீங்க பிரதர், அமெரிக்காவிலிருந்து எம் பொண்ணு அனுப்பினது.”

ஏறாத எண்

மாதேவிக்கு முப்பத்தாறு வயது. கௌதள்ளிக்காரி. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இருதயத்தின் வால்வு ஒன்றைக் கெடுத்திருந்தது. அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. உலோகத்தின் மேல் ரத்தம் உறையப் பார்க்கும். உறைந்தால் வால்வு அசையாமல் நின்றுவிடலாம். உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடலாம். அதனால் ஆயுள் முழுக்க ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். அளவு சரியா என்று மாதம் ஒருமுறை விரலில் குத்திப் பார்ப்போம். ஒரு சின்ன மெஷின் எண்ணைக் காட்டும். அவளுக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழே போனால் உறையும், மேலே போனால் எங்காவது கசியும். அவள் உயிர் அந்த ஒரு எண்ணின் இடைவெளிக்குள் இருந்தது.

எண் ஒன்றரையிலேயே நின்றது. டாக்டர் மாத்திரையை அரை கூட்டினார். அடுத்த மாதமும் ஒன்றரை. மறுபடி அரை. நான்கு மாதம் இப்படியே போனது. மாத்திரையை ஒழுங்காக விழுங்குவதில்லை என்று எங்களுக்குச் சந்தேகம். நான் கொஞ்சம் குரலை உயர்த்திக் கேட்டுவிட்டேன். அவள் கணவன் முருகேசன் கவரிலிருந்து காலி அட்டைகளை எடுத்து அடுக்கினான். ஒவ்வொரு குழிக்குப் பின்னாலும் பால்பாயின்ட் பேனாவால் தேதி எழுதியிருந்தது. ஒரு நாள்கூட விடவில்லை.

‘வேறென்ன சாப்பிடுகிறீர்கள்’ கட்டத்துக்கு வந்தேன். “வேற மருந்து ஏதாச்சும்?” இல்லை என்று தலையாட்டினாள். எழுதிவிட்டேன். எழுந்து போகும்போது மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள்: “சாமி கும்பிட மறந்தாலும் இதை மறக்கறதில்லீங்க பிரதரண்ணா. வேற என்ன பண்ணணும்னு நீங்களே சொல்லுங்க, அப்பிடியே செய்யறேன்.”

ஏரிக்கரையில் ஒரு டம்ளர்

குக்கரஹள்ளி ஏரிக்கரையில் காலையில் நடக்கிறவர்களுக்கு, நடையைவிட நடை முடிந்தபின் கிடைக்கும் ஜூஸ்தான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வாசலில் பிளாஸ்டிக் மேஜை போட்டு வரிசையாக வைத்திருப்பார்கள். பூசணி, பாகற்காய், நெல்லி, கோதுமைப் புல். விடுமுறை நாளில் நானும் போவேன். ஒரு நாள் சிமென்ட் பெஞ்சில் ஒருவர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் பிரிவுக்கு வருகிறவர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. சட்டை முழுக்க வியர்வை. தோளைத் தொட்டதும் நிமிர்ந்து என்னைத் தன் மகன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டதே, இன்னும் ஏன் கிளம்பவில்லை என்று கன்னடத்தில் திட்டினார்.

டீக்கடையிலிருந்து சர்க்கரையை அள்ளிவந்து தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தேன். பத்து நிமிடத்தில் ஆள் திரும்பி வந்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை நோய் மாத்திரை, அதன்மேல் ஒரு டம்ளர் பாகற்காய், அதற்கும் மேல் இரண்டு சுற்று நடை. மூன்றும் ரத்தத்தில் சர்க்கரையை ஒரே பக்கமாகக் கீழே இழுத்திருக்கின்றன. மூன்று வருடமாக அவருடைய படிவத்தை நான்தான் நிரப்புகிறேன். கடைசிக் கட்டத்தில் என் கையெழுத்திலேயே ‘ஒன்றுமில்லை’ என்று இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “ஆயித்து பிரதர், புரிஞ்சுது. நாளையிலேருந்து அரை டம்ளர் குடிச்சாப் போதுமா?”

பாலில் கலக்குகிற பொடி

அதற்குப் பிறகு கேள்வியை மாற்றினேன். மருந்து என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். எழுந்ததும் என்ன குடிப்பீர்கள், அதில் என்ன கலப்பீர்கள், படுக்கும்முன் என்ன என்று நேரம் நேரமாகக் கேட்க ஆரம்பித்தேன். அப்படிக் கிடைத்த முதல் ஆள் ஸ்ரீரங்கப்பட்டணத்து டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் தமிழ் பேசுகிற மேல்கோட்டைக் குடும்பம். வாந்தி, அடங்காத தாகம், நாடி தாறுமாறு என்று கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். ஒரே கேள்வியைக் காலையிலிருந்து மூன்று முறை கேட்கிறார் என்று அவருடைய கணவர் தனியாக என்னிடம் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

“படுக்கும்போது என்ன மாமி?” “பால்.” “வெறும் பாலா?” “அந்தப் பொடி போட்டு.” கணவர் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்தார். வைட்டமின் டி, சுண்ணாம்புச் சத்தை ரத்தத்தில் ஏற்றுவது. வாரத்துக்கு ஒன்று என்று எட்டு வாரத்துக்கு, முட்டிவலிக்காக யாரோ எழுதிக் கொடுத்தது. டீச்சர் தினம் ஒன்று போட்டிருக்கிறார், ஐந்து மாதமாக. சீட்டு இல்லாமல் கேட்டாலே எடுத்துக் கொடுக்கிற மருந்துக்கடை. “நீங்க?” என்று கணவரைக் கேட்டேன். “எனக்கும் அவதானே பால் கொடுக்கறா” என்றார். அவருக்கும் பரிசோதனை செய்தோம். அவருக்கும் ஏறியிருந்தது.

குழாய் வழியாக நீர் ஏற்றி, மருந்து கொடுத்து, டீச்சர் தெளிவதற்கு ஒன்பது நாளாயிற்று. தெளிந்ததும், ஒரு கணக்கு டீச்சர் ‘வாரத்துக்கு ஒன்று’ என்பதைத் தவற விடலாமா என்று நான் விளையாட்டாகக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “வைட்டமின்தானேப்பா, மருந்தா என்ன? நாம பாலை அளந்தா குடிக்கறோம்?”

ஒன்றிலிருந்து ஆறு

மாதேவி ஐந்தாம் மாதம் வந்தாள். எண் ஒன்று புள்ளி ஆறு. மாத்திரை இப்போது அவள் எடைக்கு நான் பார்த்ததிலேயே அதிகம். டாக்டருக்குக் கவலை. இப்படியே போனால் வால்வில் ரத்தம் கட்டிவிடும், ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசிக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தார். அன்று அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். நான் என் புதிய கேள்விகளைத் தொடங்கினேன்.

“காலையில எழுந்ததும் என்ன குடிப்பே?”

“ராகிக் கூழுங்க.”

“வெறும் கூழா?”

“பொடி போட்டுத்தானுங்க.”

“என்ன பொடி?”

முருகேசன் சிரித்தான். “அவ பொடிதானுங்க. எங்க பக்கம் ஊரே வாங்குது, உங்களுக்கு இன்னும் வரலையா?”

கௌதள்ளியில் பத்துப் பெண்கள் சேர்ந்து முருங்கைக் கீரையை நிழலில் காயவைத்து அரைத்துப் பாக்கெட் போடுகிறார்கள். அரைப்பதும் ருசி பார்ப்பதும் மாதேவியின் வேலை. ஆபரேஷன் முடிந்து ஊருக்குப் போனபோது ரத்தம் கம்மி என்று யாரோ சொல்ல, கூழில் ஒரு ஸ்பூன் போட ஆரம்பித்திருக்கிறாள். கவரிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். கரும்பச்சைப் பொடி. நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். கீரையில் வைட்டமின் கே இருக்கிறது. ரத்தத்தை உறைய வைக்க உடம்பு பயன்படுத்துவது அதைத்தான். எங்கள் மாத்திரை தடுப்பதும் அதைத்தான். ஐந்து மாதமாக நாங்கள் ஒரு கையால் தள்ள, அவள் ஒரு கையால் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“இன்னைக்கே நிறுத்திரு” என்றேன். “சரிங்க” என்றாள். படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ‘முருங்கைப் பொடி. நிறுத்தச் சொல்லப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டியூட்டி டாக்டர் அதே மாத்திரையை அதே அளவில் எழுதி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். வாசல்வரை போனவளை நிறுத்தி, இப்போது எத்தனை ஸ்பூன் போடுகிறாய் என்று கேட்டேன். ஆறு என்றாள். ஒன்று எப்படி ஆறு ஆயிற்று? இதுகூடத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தாள். “நீங்க மாத்திரையைக் கூட்டக் கூட ரத்தம் தண்ணியாப் போயிருமேன்னு நானும் பொடியைக் கூட்டிட்டே வந்தேனுங்க.”

முடிக்கான மாத்திரை

இந்தக் கதையை ஒரு வாரம் எல்லோரிடமும் சொன்னேன். டீ குடிக்கும்போது டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து, என்னைப் போலீஸில் சேர்த்திருக்க வேண்டும் என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்த அந்த வாரத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் பயிற்சிக்கு வந்திருக்கிறவள், இருபத்திரண்டு வயது, வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், எங்களிடம் இரண்டும் கலந்து. நெஞ்சு படபடக்கிறது என்றாள். தைராய்டு மிக அதிகமாக வேலை செய்வதாக ரிப்போர்ட் வந்தது. அதை அடக்க மாத்திரை எழுதலாமா என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தார். ஆனால் அவளுக்குக் கை நடுக்கம் இல்லை, இளைக்கவும் இல்லை.

முடி கொட்டுகிறது என்று மிட்டாய் மாதிரி ஒரு வைட்டமினை தினம் நாலு மென்றுகொண்டிருந்தாள். சோதனைக்கூட மெஷின் சிலதை அந்த வைட்டமின் ஏமாற்றிவிடும். தைராய்டில் ஒன்றும் இருக்காது, ரிப்போர்ட்டில் இருக்கும். ஒரு வாரம் அதை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் பரிசோதித்ததில் எல்லாம் சரியாக இருந்தது. படபடப்புக்குக் காரணம் வாராவாரம் வைக்கிற பரீட்சை. தேவையில்லாத மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கியிருப்பாய், இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். “அய்யோ பிரதர், அது உடம்புக்குப் போறதே இல்ல, முடிக்குத்தான் போகுது.”

பதினேழாம் நாள்

ஹனூர் பஸ்ஸில் வந்து இறங்கி, ஆட்டோ பிடித்து, மாதேவியை முருகேசன் கூட்டிவந்தபோது போன முறை வந்துபோன பதினேழாம் நாள், காலை பதினொரு மணி இருக்கும். அவளை வீல்சேரில் வைத்துத் தள்ளி வந்தார்கள். வாயில் துண்டை அழுத்திப் பிடித்திருந்தாள். துண்டின் மடிப்புகள் சிவந்திருந்தன. முழங்கைக்கு மேலே, அவளுக்கு அடிபட்ட நினைவே இல்லாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம். சிறுநீர் ரத்தமாகப் போகிறது என்று முருகேசன் என் காதருகில் சொன்னான். காலையிலிருந்து தலைவலி என்றாள் அவள்.

விரலில் குத்தினேன். குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. மெஷின் எண்ணைக் காட்டவில்லை. தன்னால் அளக்க முடிகிற அளவைத் தாண்டிவிட்டது என்பதற்கு ஒரு குறி காட்டும், அதைத்தான் காட்டியது. நான் மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு மெஷினை எடுத்தேன். அதுவும் அதையே காட்டியது.

“எப்போலேருந்து இப்படி?” என்று முருகேசனிடம் கேட்டேன். நாலைந்து நாளாகப் பல் ஈறில் ரத்தம் என்றான். உடனே ஏன் வரவில்லை என்று கத்திவிட்டேன். அவன் மிரண்டுபோய்ப் பின்னால் நகர்ந்தான். மாத்திரை இப்போதுதான் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, எண் ஏறுகிறது என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்களாம். அவளிடம் குனிந்தேன். மாத்திரையை இரண்டாகச் சாப்பிட்டாளா, வலி மாத்திரை எதையாவது விழுங்கினாளா, வேறு யாராவது எதையாவது கொடுத்தார்களா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள். அவளிடமிருந்து ஏதாவது ஒரு ‘ஆமாம்’ வந்துவிடாதா என்று இருந்தது எனக்கு. துண்டை வாயிலிருந்து எடுத்து, நான் திட்டப்போகிறேன் என்று பயந்தவள்போல அவசரமாகச் சொன்னாள்: “நீங்க சொன்ன அன்னைக்கே நிறுத்திட்டேனுங்க பிரதரண்ணா. பொடி மட்டுமில்லீங்க, கீரைன்னு பேர் இருக்கிற எதையும் வாயில வெக்கலீங்க.”

ஒரு மில்லிகிராம்

ஆறு ஸ்பூன் பொடியை எதிர்க்கிற அளவுக்குக் கூட்டிவைத்த மாத்திரை அது. பொடியை எடுத்துவிட்டு மாத்திரையை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பது முதல் வருடம் நர்ஸிங் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அன்று டியூட்டி டாக்டர் யோசிக்கவில்லை. டீ குடிக்கும்போது சிரித்த டாக்டர் யோசிக்கவில்லை. கண்டுபிடித்த நானும் யோசிக்கவில்லை. ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோஷம் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அவளைத் தலை ஸ்கேனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மூளைக்குள் கசிந்திருந்தால் செய்வதற்கு அதிகம் இருக்காது. வெளியே பெஞ்சில் முருகேசனும் நானும். “காலையில சாப்பிட்டீங்களா பிரதர்?” என்றான். இருபது நிமிடத்தில் கதவு திறந்தது. மூளையில் ஒன்றுமில்லை.

ஆனால் ரத்தத்தை நிறுத்தியாக வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி மருந்து வந்தது. சின்னக் கண்ணாடி ஆம்பூல். எங்கள் வழக்கப்படி பெயரைச் சத்தமாகப் படித்தேன், “வைட்டமின் கே.” நான் நிறுத்தச் சொன்னதே திரும்பி வந்திருந்தது. ஒரு மில்லிகிராம்தான் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். கூடிப்போனால் ரத்தம் உறைந்து வால்வு நின்றுவிடும், மாத்திரை மறுபடி பிடிக்க வாரக்கணக்காகும். சிரிஞ்சில் ஏற்றிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோட்டை மறுபடியும் மறுபடியும் எண்ணினேன். இன்சார்ஜ் சிஸ்டர் ரோஸம்மா அதைப் பார்த்துவிட்டு, சிரிஞ்சை வாங்கி அளவைச் சரிபார்த்து அவரே போட்டார்.

மூன்று மணிக்கு மேல் ஈறில் ரத்தம் குறைந்தது. மேஜைக்கு வந்து, தவறு நடந்தால் நிரப்புகிற படிவத்தை நானே எடுத்து நிரப்ப ஆரம்பித்தேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. ‘கேடு விளைவித்த மருந்தின் பெயர்’ என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. மாத்திரையின் பெயரை எழுதுவதா, முருங்கையின் பெயரையா? ரோஸம்மா சிஸ்டர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கேரளத்துக்காரர், இருபத்தைந்து வருடமாக எங்களை மகனே என்றுதான் திட்டுகிறார். “என்ன யோசிக்கறே மோனே? மருந்து பேரு கேக்குதுன்னா உன் பேரை எழுது.”

தலை தட்டி ஒரு ஸ்பூன்

பதினோரு நாள் வார்டில் இருந்தாள். எண் இறங்கி, ரொம்ப இறங்கி, ரத்தம் உறையாமலிருக்க வேறு ஊசி போட்டுக் காத்திருந்து, மெல்ல ஏறி இரண்டு புள்ளி எட்டில் நின்றது. வால்வு நன்றாகத் திறந்து மூடுவதை டாக்டர் திரையில் காட்டினார். முருகேசன் அதைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டான். முருங்கைப் பொடியை அவள் வாழ்நாளெல்லாம் தொடாமல் இருக்கப்போவதில்லை, அரைப்பதே அவள் வேலை என்று டாக்டருக்குத் தெரியும். அதனால் வார்டில் இருக்கும்போதே காலைக் கூழில் தலை தட்டி ஒரு ஸ்பூன் கொடுத்து, அந்த ஒரு ஸ்பூனை வைத்து மாத்திரையின் அளவைப் புதிதாக முடிவு செய்தார். தினமும் அதே ஒன்று. முதல் மாதம் வாராவாரம் பரிசோதனை. இதை அவளுக்குச் சொல்லிப் புரியவைக்கிற வேலையை என்னிடமே கொடுத்தார். மறுத்துப் பார்த்தேன். “நீங்க சொன்னா அவங்க அப்படியே செய்வாங்க, அதான் பயமே. அதனால நீங்களே சொல்லுங்க” என்றார்.

டிஸ்சார்ஜ் அன்று காலை கட்டிலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். தப்பு என் பேரில் என்பதை முதலில் சொன்னேன். பொடியை நிறுத்தச் சொன்ன அன்றே மாத்திரையைக் குறைக்கச் சொல்லி டாக்டரிடம் நான் போயிருக்க வேண்டும், போகவில்லை என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “விடுங்க பிரதரண்ணா, தெரிஞ்சா செஞ்சீங்க” என்றாள் மாதேவி. அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பிறகு ஒரு ஸ்பூன் விஷயத்தைச் சொல்லிவிட்டு, பதினெட்டு வருடத்தில் யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டேன். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல விரலை மடக்கிச் சொன்னாள். “ஒரு ஸ்பூனுக்கு மேல கூட்டக்கூடாது. ஒரேயடியா நிறுத்தவும் கூடாது. கசாயம், பொடி, டானிக்கு, எது புதுசா ஆரம்பிச்சாலும், எதை விட்டாலும், முதல்ல இங்க போன் பண்ணணும்.”

“நான் நிறுத்தச் சொன்னா?”

யோசித்தாள். “அப்பவும் டாக்டருக்குப் போன் பண்ணணுமுங்க.”

முருகேசன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். “அண்ணனை மாட்டிவிடறா பாருங்க” என்றான். நான் ‘சரி’ என்று குறித்துக்கொண்டேன். அடுத்தவர் வாய்க்குள் என்ன போகிறது என்று பதினெட்டு வருடம் எழுதிவந்தவனுக்கு, தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று எழுத ஒரு கட்டம் இல்லாமல் போனதைத்தான் இந்தத் தொழிலில் நான் கண்ட ஒரே குறை என்று சொல்வேன்.

டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்துகள் பாக்கி இருந்தன. ஸ்டூலிலேயே உட்கார்ந்து போட ஆரம்பித்தேன். முருகேசன் கட்டிலை ஒட்டிய ஜன்னலருகே நின்று ஹனூர் பஸ் எத்தனை மணிக்கு என்று யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தான். கூழ் வந்திருந்தது. மாதேவி டப்பாவைத் திறந்து ஒரு ஸ்பூன் எடுத்தாள். அது குவிந்திருந்தது. முருகேசனின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பழைய பஸ் டிக்கெட்டை உருவி, அதன் விளிம்பால் ஸ்பூனின் மேலே ஒருமுறை வழித்தாள். உதிர்ந்ததை டப்பாவுக்குள் தட்டிவிட்டு, ஸ்பூனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, இன்னும் ஒருமுறை வழித்தாள்.